கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

(பொன்விழா இளைஞர் கூட்டத்தில் பங்குப் பேரவையின் சார்பில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் பழம்பெருமை பேசுவதே வழக்கம். நாங்களோ எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம். உத்தியோக விஷயத்தில் இன்று தடுமாறி நிற்கும் உங்களுக்கு அது பயன்படும் என்று நம்புகிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த நம் வீட்டுப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். தட்டச்சு படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்த காலத்து ஆட்களாகிய நாங்கள் வியந்து பார்த்தோம். 2013 செப்டம்பரில், கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. 2014 ஏப்ரலில் விற்பனையும் முடிந்தது. வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் நம் ஊர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்நாட்களில்தான் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது.

நம் பங்குப் பெண் ஒருத்தி அந்தப் படிவத்தோடு ஒரு ஞாயிறு மாலை மாதா கெபிக்கு எதிரே எங்களிடம் வந்தாள். எட்டு வருட சர்வீஸ். "ஐயா, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள்.

நாங்கள் நால்வரும் ஒரே குரலில், "பர்மனென்ட் வேலையை யாராவது விடுவார்களா? இவ்வளவு பெரிய ஆலையை மூட அரசாங்கம் விட்டுவிடுமா?" என்றோம். அவ்வளவு உறுதியாகச் சொன்ன எங்களில் ஒருவர்கூட அந்தப் படிவத்தை வாசிக்கவில்லை!

அவள் மறுத்துப் பேசவில்லை. பேனாவை எடுத்து, படிவத்தின் பின்புறம் கணக்குப் போட்டாள். பணிக்கொடை எவ்வளவு வரும்? அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டு வருடத்துக்கு 60,000. பிறகு மகளிர் குழுக் கடன், தம்பியின் கல்லூரிக் கட்டணம். வேலையில்லாமல் வீட்டை எத்தனை மாதம் ஓட்டலாம் என்பதைக் கடைசியாக எழுதினாள். ஆறு மாதம் என்று வந்தது. "ஆலை நிற்குமா என்று எனக்குத் தெரியாது ஐயா. ஆறு மாதம் நான் நிற்பேன் என்று தெரிகிறது" என்றாள். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எங்களுக்கு அவள்மேல் கொஞ்சம் வருத்தந்தான்.

அந்தத் திட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. ஆகவே அவள் செய்ததுதான் சரி, நின்றவர்கள் ஏமாந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசிவரை நின்றவர்களுக்கும் உடன்பாட்டின்படி தொகை கிடைத்தது. தங்கள் கணக்கைப் பார்த்து நின்றவர்களும் உண்டு. எங்களைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டு நின்றவர்களும் உண்டு. அந்த இரண்டாவது கூட்டத்தார் பின்னால் பட்ட மனவேதனையை நாங்கள் கண்ணால் கண்டோம். அதுதான் எங்களை இன்னும் உறுத்துகிறது.

அவள் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டு சர்வீஸ் இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு. எட்டு வருடப் பணத்தை எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸ் போய்விடும். அவள் எடுக்கவில்லை, திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டாள். நாலு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில், முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில், தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். அங்கே இரண்டு வருடம் போனதும் பத்தாண்டு நிறைந்தது.

மூடிய அந்த ஆலை வளாகத்தைப் பிற்பாடு சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கியது. இப்போது அங்கே மறுபடியும் பஸ்கள் போய்வருகின்றன. நம் பிள்ளைகளும் போகிறார்கள்.

இந்த மாதம் உங்களில் இருவர் எங்களிடம் ஆலோசனை கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு ஒப்பந்த வேலையிலிருந்து மாறுவதா என்ற கேள்வி. மற்றவருக்கு வேலையை விட்டுப் பாலிடெக்னிக் சேருவதா என்ற கேள்வி. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபி அருகே இருப்போம். இம்முறை எங்கள் அபிப்பிராயத்தைக் கடைசியில்தான் சொல்வோம். வரும்போது வேலை உத்தரவையும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.