போகோபபோக பரிமாணமும் வீட்டுச் செலவும்



சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதனைத் தழுவிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குப் போகோபபோக பரிமாணத்தை விரதமாக வகுக்கின்றன. உணவுபோல ஒருமுறை துய்த்ததும் தீர்வது போகம். ஆடை, அணிபோலப் பன்முறை பயன்படுவது உபபோகம். செலவைக் குறைக்க முனைவோர் பெரும்பாலும் போகத்திலேயே கை வைக்கின்றனர். பாலும் காயும் குறைகின்றன. அலமாரி நிறைந்த பட்டும், பழையது நன்றாக இருக்கும்போதே தவணையில் வாங்கும் கைப்பேசியும் கணக்குக்குத் தப்பிவிடுகின்றன.

இவ்விரதத்தை வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். காலவரை வைத்துக் கொள்வது நியமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு மாதம், ஓர் அயனம் எனவும் வரையறுக்கலாம். அனைத்தையும் விட்டுவிடுவதாகச் சூளுரைத்து மூன்றாம் நாளே தளரும் வீட்டார்க்கு இஃது எத்துணை ஆறுதல்! ஆறு மாதம் புத்தாடை வேண்டா எனக் கணவனும் மனைவியும் கூடி முடிவு செய்யலாம். பிள்ளைகளுக்கு மட்டும் விதிப்பது முறையன்று.

மிஞ்சிய பணம் நகையாகிப் பெருகி, வகுத்த அளவைக் கடந்தால் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பழுதுறும். உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்தை முதலில் குறைக்கும் குடும்பங்களும் உள்ளன. அது சிக்கனமன்று, உலோபம். ஆறு மாதத்தில் மிஞ்சும் புடவைப் பணத்தில் ஓர் ஏழை மாணவியின் பாடநூல்களுக்கு முதற்பங்கு ஒதுக்கலாம்.