தோற்றவரின் நாடு



நாட்டுப்பற்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். தேர்தல் முடிவு வந்த கையோடு இந்தக் கூட்டம் நடக்கிறது. உங்களில் ஒரு பாதிப் பேர் மனம் ஆறாமல்தான் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். "இனி இந்த நாட்டில் என்ன இருக்கிறது?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். வெற்றி பெற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967 பிப்ரவரி. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர் விருதுநகருக்குப் பக்கம். அப்பா காங்கிரஸ்காரர்; பதவி எதுவும் இல்லாத கதர்ச் சட்டைத் தொண்டர். ஊரில் பதினோரு வீட்டுச் சுவரில் இரட்டைக் காளைச் சின்னம் வரைந்தவர். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் ஊரே நின்றது. காமராசர் தோற்றுவிட்டார் என்ற செய்தி வந்தது. செய்தி முடிந்து பாட்டு போட்ட பிறகும் அப்பா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

காமராசர் தோற்றது சொந்த ஊரான விருதுநகரில். அப்போது அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். 1964-இல் சாஸ்திரியும் 1966-இல் இந்திராவும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. அவரை வென்றவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 வாக்குகள். முதல்வர் பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். 234 இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. அரிசிப் பஞ்சமும், 1965-இல் மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் மக்கள் மனத்தில் ஆறாமல் கிடந்தன. வாக்குச் சீட்டில் அது தெரிந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வாங்கியது 41 சதவீத வாக்கு. தி.மு.க. தனியாக வாங்கியது அதற்குச் சற்றே கீழே. கூட்டணியும் தொகுதிக் கணக்கும் இடங்களைப் புரட்டிப் போட்டுவிட்டன. முரண்டு பிடிக்க நினைத்திருந்தால், "அதிகம் பேர் எங்களுக்குத்தானே போட்டார்கள்" என்று ஆண்டுக்கணக்கில் புலம்பியிருக்கலாம். காமராசர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். புதிய ஆட்சிக்கு அவகாசம் கொடுக்கவேண்டும் என்று தம் கட்சிக்காரர்களிடமே சொன்னார். மறுபடி ஊர் ஊராகப் போனார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார்.

அந்த 1967 வெற்றிக்கும் அடியில் ஒரு தோல்வி இருக்கிறது. 1962-இல் தி.மு.க. 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது. ஆனால் அதை வளர்த்த அண்ணா, தாம் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தோற்றார். கட்சி வளர்ந்து தலைவர் தோற்பது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! அவர் மாநிலங்களவைக்குப் போனார். திராவிட நாடு வேண்டும் என்று அங்கேயே எழுந்து பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப் படை எல்லைக்குள் வந்தது. தம்மைத் தேர்தலில் தோற்கடித்த கட்சிதான் தில்லியில் ஆண்டது. ஆனாலும் நாட்டின் பாதுகாப்பே முதலில் என்று பிரிவினைக் கோரிக்கையை ஒதுக்கிவைத்து, அரசுக்குத் துணை நின்றார். மறு ஆண்டு கட்சி அந்தக் கோரிக்கையையே கைவிட்டது. பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16-ஆம் திருத்தம் வந்ததும் அதற்கு ஒரு காரணம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் போர் மூண்ட வாரங்களில் அவர் எடுத்த முடிவு சட்டத்துக்குப் பயந்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தேசபக்தி என்ற சொல்லைவிட நாட்டுப்பற்று என்ற சொல்தான் எனக்கு நெருக்கம். பக்தி என்றால் எட்ட நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பற்று என்றால் கையால் பிடித்திருக்க வேண்டும். நமக்குப் பிடித்தவர் ஆளும்போது மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற நேரம் விட்டுவிடுவதற்குப் பற்று என்று பெயரில்லை.

இதனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். முறைகேடு நடந்தது என்று நம்பினால் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆதாரம் இருந்தால் போடுங்கள். ஆட்சியின் ஒவ்வொரு தவறையும் கேளுங்கள். வாக்காளர் பட்டியலைத் தெருத் தெருவாகச் சரிபாருங்கள்: இறந்தவர் பெயர் இருக்கிறதா, பதினெட்டு முடிந்த பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று. அடுத்த தேர்தலில் நம்பிக்கை வைப்பவன் இன்றைக்குச் செய்கிற வேலை இது. வாசலில் கேட்ட தம்பி, உங்களைத்தான் சொல்கிறேன்.

முடிவு வந்த மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அப்பா முற்றத்தில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நீலம் கலந்தார். சின்னம் வரையச் சுவர் கேட்டபோது, தேர்தல் முடிந்ததும் வெள்ளையடித்துத் தருவதாக வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருந்தாராம். "தோத்த பிறகும் அடிக்கணுமாப்பா?" என்று கேட்டேன். "சொன்னது தோக்கலையே" என்றார். வாளியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மூன்றாவது வீட்டுச் சுவரில் பாதி காளை. மீதிப் பாதியில் உதயசூரியன். சூரியனை வரைந்தவர் எங்கள் தெரு அண்ணன். முதல் நாள் ராத்திரி வெடி போட்டவர். அப்பாவைக் கண்டதும் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றார். பிறகு கிட்டே வந்தார்.

"மாமா, மேலே எட்டாது. ஏணியை நான் பிடிச்சுக்கிறேன்."

"பிடி மாப்பிள்ளை" என்றார் அப்பா. ஏறி நின்று மட்டையை வாளியின் விளிம்பில் ஒருமுறை வழித்தார். பக்கத்தில் இருந்த சூரியன்மேல் ஒரு சொட்டும் தெறிக்காமல், காளைகளின்மேல் வெள்ளையடிக்கத் தொடங்கினார்.