கூட்டலுக்கு அடங்காத மின்னழுத்தங்கள்



வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறியின் மூடிக்குள் சிறு பொருள் ஒன்று இருக்கும். அதற்கு மின்தேக்கி என்று பெயர்; கடைவீதியில் கண்டென்ஸர் என்பார்கள். பெரும்பாலும் அதன்மேல் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று பொறித்திருக்கும். நம் வீட்டிற்கு வரும் மின்னழுத்தமோ 230 வோல்ட். அங்ஙனமாயின், 440 வோல்ட்டைத் தாங்கவல்ல பொருள் அங்கே எதற்கு?

மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். அதன் பொருட்டே இந்த ஏற்பாடு என்று உங்களுள் ஒருவர் விடை கூறலாம். நல்ல விடைதான், ஆயினும் போதாது. 230, 440 ஆகிய இரண்டும் பயனுறு மதிப்பு என்னும் ஒரே அளவையால் குறிக்கப்பட்டவை. எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த தொடர்சுற்று ஒன்றைக் கருதுவோம். மூன்றின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆனால் அவை ஒவ்வொன்றும் அதற்கு ஈடுகொடுக்கும் விதம் வேறு. மின்தடையின் அழுத்தம் மின்னோட்டத்தோடு உடன் ஏறி உடன் இறங்கும். மின்தேக்கியின் அழுத்தம் அதில் சேர்ந்துள்ள மின்னூட்டத்தைப் பொறுத்தது. மின்தூண்டியின் அழுத்தமோ மின்னோட்டம் மாறும் வேகத்தைப் பொறுத்தது.

இதனை விளங்கிக்கொள்ள, ஆடும் ஊஞ்சலை மனக்கண்முன் நிறுத்துங்கள். நடுவிடத்தைக் கடக்கையில் அதன் வேகம் உச்சம், விலக்கம் சுழி. ஓரத்தை எட்டுகையில் விலக்கம் உச்சம், வேகம் சுழி. மின்னோட்டம் ஊஞ்சலின் வேகத்தைப் போன்றது; மின்தேக்கியில் சேரும் மின்னூட்டம் விலக்கத்தைப் போன்றது. ஆகவே மின்தேக்கியின் அழுத்தம் மின்னோட்டத்திற்குக் கால் சுற்றுப் பின்தங்குகிறது. ஊஞ்சலின் முடுக்கமும் ஓரத்தில்தான் மிகுதி. ஆனால் அது விலக்கத்திற்கு நேர் எதிர்த்திசையில், நடுவை நோக்கி அமைகிறது. மின்தூண்டியின் அழுத்தம் இந்த முடுக்கத்தைப் போன்றது. அது மின்னோட்டத்திற்குக் கால் சுற்று முந்துகிறது.

நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. எனவே கால் சுற்று என்பது நொடியில் 200இல் ஒரு பங்கு. இச்சிறு கால வேறுபாட்டை மறந்து கணக்கிடுவோமாயின், விடை முழுவதும் பிழையாகும்.

இப்பொழுது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடை 30 ஓம். மின்தூண்டி 0.255 ஹென்றி, 50 சுற்று மின்சாரத்திற்கு அது காட்டும் மின்மறுப்பு ஏறத்தாழ 80 ஓம். மின்தேக்கி 80 மைக்ரோஃபாரட். அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 40 ஓம். மூன்றையும் கூட்டி 150 ஓம் என்று சொல்லலாகாது. வலப்புறமாக 30 அலகு நீளத்தில் ஒரு கோடு வரையுங்கள். அதன் முனையிலிருந்து மேல்நோக்கி 80 அலகு ஏறுங்கள். மின்தேக்கிக்காக 40 அலகு கீழிறங்குங்கள். எஞ்சும் ஏற்றம் 40. தொடங்கிய இடத்திற்கும் முடிந்த இடத்திற்கும் உள்ள தொலைவை அளந்தால் 50 வரும். பள்ளியில் கற்ற செங்கோண முக்கோணந்தான் இது. இந்த 50 ஓம் சுற்றின் மொத்த மின்னெதிர்ப்பு.

230 வோல்ட்டை 50ஆல் வகுத்தால் மின்னோட்டம் 4.6 ஆம்பியர். மின்தடையில் 138 வோல்ட், மின்தூண்டியில் 368 வோல்ட், மின்தேக்கியில் 184 வோல்ட். கொடுத்ததே 230, ஓர் உறுப்பில் மட்டும் 368! இது முரணன்று. மின்தூண்டியின் அழுத்தமும் மின்தேக்கியின் அழுத்தமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால், அவற்றின் வேறுபாடாகிய 184 மட்டுமே எஞ்சுகிறது. 138ஐயும் 184ஐயும் செங்கோணத்தில் சேர்த்தால் சரியாக 230 கிடைக்கும்.

மின்தேக்கியை மட்டும் 40 மைக்ரோஃபாரடாகக் குறைத்துப் பார்ப்போம். அதன் மின்மறுப்பு 80 ஓமாக உயர்ந்து, மின்தூண்டியின் மறுப்பை முற்றிலும் ஈடுசெய்துவிடும். எஞ்சுவது 30 ஓம் மின்தடை மட்டுமே. மின்னோட்டம் 7.7 ஆம்பியர் அளவுக்கு உயரும். மின்தூண்டியிலும் மின்தேக்கியிலும் தனித்தனியே 600 வோல்ட்டிற்கு மேல் அழுத்தம் எழும். இந்நிலையே ஒத்ததிர்வு.

மின்விசிறியில் துணைச் சுருள் ஒன்றுடன் மின்தேக்கி தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. அங்கே முழு ஒத்ததிர்வு இல்லை. எனினும் மின்தேக்கியின் மீது வீட்டு மின்னழுத்தத்தினும் மிகுந்த அழுத்தம் நிற்கிறது. 440 என்ற எண்ணின் பொருள் இதுவே. விலை குறைவென்று 250 வோல்ட் மட்டுமே தாங்கும் மின்தேக்கியை அங்கே பொருத்தினால் அது விரைவில் கெடும், வெடிக்கவும் கூடும். மேலும், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்தேக்கி மின்னூட்டத்தைத் தன்னிடம் வைத்திருக்கக்கூடும். ஆதலால் அதன் முனைகளைத் தீண்டலாகாது.

மின்விசிறியில் எச்சரிக்கை வேண்டிய இந்நிகழ்ச்சியே வானொலியில் நமக்கு ஏவல் புரிகிறது. வானொலிப் பெட்டியின் ஏற்பி மீது பல நிலையங்களின் அலைகள் ஒருங்கே வந்து மோதுகின்றன. 253 மைக்ரோஹென்றி மின்தூண்டியும் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் 1000 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அப்போது ஒவ்வொன்றின் மின்மறுப்பும் ஏறத்தாழ 1,590 ஓம். சுற்றின் தடை 16 ஓமாயின், அந்நிலையத்தின் மெல்லிய அழுத்தம் ஏறத்தாழ 100 மடங்காகப் பெருகும். அதனின்று விலகிய அலைகளுக்கு அப்பேறு இல்லை. குமிழைத் திருப்பும்போது மின்தேக்கியின் அளவு மாறுகிறது. வேறொரு நிலையம் கேட்கிறது.

இவ்வறிவு ஒருநாளில் விளைந்ததன்று. மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் வெளியேறும்போது முன்னும் பின்னுமாக ஊசலாடக்கூடும் என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1853இல் கணிதத்தால் காட்டினார். 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில், மாறுதிசை மின்சுற்றுகளைக் கலப்பெண்களால் எளிதாகக் கணக்கிடும் முறையை ஸ்டைன்மெட்ஸ் எடுத்துரைத்தார். நாம் தாளில் வலமும் மேலும் கீழுமாக வரைந்ததையே அக்கலப்பெண்கள் எண்களால் எழுதிக் காட்டுகின்றன.

ஆகவே, மாணவர்களே, இத்தகைய சுற்றைக் காணும்போது மூன்று செயல்களை முறையே செய்யுங்கள். முதலில் அதிர்வெண்ணைக் கேட்டறியுங்கள். அதின்றி மின்மறுப்பைக் கூற இயலாது. அடுத்து மின்னெதிர்ப்பைத் திசையோடு கூட்டுங்கள். பின்னர் ஒவ்வோர் உறுப்பின் அழுத்தத்தையும் தனித்தனியே கண்டறியுங்கள். விடை சுழியாக ஈடுகட்டப்பட்ட இடத்திலும் உள்ளே 600 வோல்ட் நிற்கலாம். ஆதலால் மூன்றாவது செயலை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.