திரையில் தோன்றும் உபயம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் என்னை இம்மேடையில் ஏற்றி, "பத்து மணித்துளி ஏதேனும் பேசும்" என்று நம் செயலாளர் பணித்துவிட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இலக்கியம் பேச இங்கே கற்றறிந்தோர் பலர் உளர். ஆகவே எனக்கு நன்கு பழகிய ஒன்றையே பேசத் துணிந்தேன். இளமை முதல் நான் இடைவிடாது செய்துவரும் தொண்டு ஒன்று உண்டென்றால், அது தொலைக்காட்சி பார்த்தலே ஆகும். (சிரிப்பு)

நிகழ்ச்சி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும், இதற்குப் பொருளுதவி செய்தோர் இன்னார் என்று ஒரு பெயரும் சின்னமும் திரையில் தோன்றி மறைகின்றன அல்லவா? பொதுமக்களுக்கென அமைந்த தொலைக்காட்சியில் அச்சின்னம் எவ்வாறு வந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதே என் பேச்சு. இதற்கும் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா. இம்மாதம் நாம் முடிவு செய்ய வேண்டிய ஒரு காரியத்தோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அதனைப் பிறகு சொல்வேன்.

கொடுத்தவர் பெயரை எழுதி வைத்தல் தமிழருக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலை 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் கல்லில் வெட்டுக என்று ஆணையிட்டான். "மற்றும் கொடுத்தார்" என்பதை நெஞ்சில் நிறுத்துங்கள். அதனிடம் மீண்டும் வருவேன். அந்த மரபில் வந்த நாம் இன்று என் செய்கிறோம்? கோயிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் "உபயம்" எனத் தொடங்கிப் பெயர், தந்தை பெயர், ஊர், கடையின் பெயர் ஆகிய யாவற்றையும் எழுதி, வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் செய்துவிடுகிறோம்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில், அகில இந்திய வானொலியின் ஒரு சிறு பகுதியாகத் தொடங்கிற்று. மக்கள் கூடிப் பார்க்க வைத்த பெட்டிகளுக்கு யுனெஸ்கோ உதவியது. 1961-இல் வந்த பள்ளி ஒளிபரப்புக்கு அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை துணை நின்றது. எஞ்சிய செலவு அரசினுடையது, அதாவது நம்முடையது. வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டி வந்த காலம் அது. 1985-இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. என் தந்தையாரின் வானொலி உரிமப் புத்தகம் இன்றும் என் பெட்டிக்குள் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு முத்திரையும் அவர் செய்த உபயம் அன்றோ!

1976-ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளால் குறிப்பிடத்தக்கது. சனவரி முதல் நாள் தொட்டு விளம்பரங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சி வானொலியினின்றும் பிரிந்து, 'தூர்தர்ஷன்' என்னும் தனி அமைப்பாயிற்று. அதற்குரிய சின்னத்தை வரைந்தவர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்ற தேவாசிஷ் பட்டாச்சார்யா. இரண்டு வளைவுகள் சுழன்று வந்து ஒரு வட்டத்தைச் சூழ, அது கண்ணாக மாறும். உடன் ஒலிக்கும் இசையை அமைத்தவர்கள் பண்டிதர் இரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் ஆவர். அக்கண்ணில் எந்த வணிகர் பெயரும் இல்லை. கட்டணம் கட்டிய நம் பெயரும் இல்லை. அது வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

1984 சூலையில் 'ஹம் லோக்' என்னும் தொடர் வந்தது. நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை. 156 பகுதிகள் ஓடியது. அதற்குப் பொருளுதவி செய்தது, நம் நாட்டுக்கு அப்பொழுதுதான் அறிமுகமான மேகி நூடுல்ஸை விற்ற நிறுவனம். செலவை ஏற்பவர்க்கு ஈடாக விளம்பர நேரம் தரப்படும் என்பது ஏற்பாடு. குடும்பத்தின் கதை நாட்டுக்குக் கிடைத்தது. நூடுல்ஸ் குடும்பத்துக்குள் நுழைந்தது. என் மனைவி ஊரில் இல்லாத நாள்களில் நானும் அதற்குக் கடன்பட்டவனே.

இங்கே என் நினைவு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பெங்களூர்த் தொலைக்காட்சி நிலையம் 1981 நவம்பர் முதல் நாள், கன்னட நாட்டார் தம் மாநில நாளைக் கொண்டாடும் அந்நாளில் தொடங்கிற்று. நம் பிள்ளைகள் பலர் தெருவில் கற்றது பாதி, அந்நிலையத்தின் வழியே கற்றது பாதி என்றே கன்னடம் பயின்றனர். ஆயினும் எங்கள் குடியிருப்பில் சொந்தப் பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. 1987 சனவரி 25-ஆம் நாள் 'இராமாயணம்' தொடங்கியபொழுது எனக்கு வயது ஏழு. ஞாயிறுதோறும் காலையில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் கூடம் நிரம்பி வழியும். திரையில் முதலில் பொருளுதவி செய்தோர் பட்டியலும் விளம்பரங்களும் ஓடும். அவை ஓடும்வரை யாரும் உள்ளே வரலாம். முடிந்தவுடன் கதவு சாத்தப்படும். ஆகவே அப்பெயர்கள் எங்களுக்கு வண்டி புறப்படுமுன் அடிக்கும் மணி போன்றவை. முதல் சோப்பின் பெயர் தெருமுனைவரை கேட்டதும் ஓடத் தொடங்குவோம். இந்தி அறியாத எங்களுக்குக் கதையைத் தமிழில் சொல்லிவர ஒரு பெரியவர் இருந்தார். சோப்பு விளம்பரத்துக்கு மட்டும் அவர் உரை சொல்வதில்லை. அது அனைவர்க்கும் விளங்கிற்று.

பின்னர் 'சுரபி' என்னும் நல்ல நிகழ்ச்சி வந்தது. நாட்டின் கலைகளையும் ஊர்களையும் காட்டியது. குசராத்தின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுக்குரிய அமுல் அதற்குத் துணையாக வந்தபின், நிகழ்ச்சியின் பெயரே 'அமுல் சுரபி' ஆயிற்று. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், வாசலில் நின்ற பெயர் வீட்டுக்குள் வந்து, வீட்டின் பெயர்ப்பலகையிலேயே ஏறிக்கொண்டது என்பதைக் குறிக்க வேண்டும்.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. வணிகத் தொலைக்காட்சி கொழித்த அமெரிக்காவில், வணிகமல்லாத பொதுத் தொலைக்காட்சி ஒன்றை வளர்க்க 1967-இல் தனிச் சட்டம் இயற்றினர். அதன்படி அரசுப் பணத்தைப் பகிர்ந்தளிக்க ஒரு கழகம் அமைந்தது. 1970 முதல் பி.பி.எஸ். என்னும் அமைப்பு நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளை வழங்கிவருகிறது. விளம்பரம் கூடாது; உதவியவர் பெயரை அறிவிக்க மட்டும் வேண்டும் என்பது விதி. தொடக்கத்தில் அவ்வறிவிப்பு வெறும் எழுத்தே. நம் அலுவலகச் சுற்றறிக்கை போல் இருக்கும். 1971-இல் மோபில் என்னும் எண்ணெய் நிறுவனம் உயர்ந்த நாடகத் தொடர் ஒன்றுக்குத் துணை நின்றது. எண்ணெய் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவே, பி.பி.எஸ். என்பதிலுள்ள 'பி' பெட்ரோலியத்தைக் குறிக்கும் என்று மக்கள் நகையாடினர். 1984-இல் ஆங்குள்ள ஆணையம் விதியைத் தளர்த்தி, நிறுவனங்களின் சின்னத்தையும் பொருள்களையும் காட்ட இசைந்தது. அன்று முதல் எழுத்து நின்ற இடத்தில் வண்ணச் சின்னங்கள் வந்தன. பின்னர் அவை அசைந்தாடவும் தொடங்கின. ஆயினும் "வாங்குங்கள்" என்று ஏவுதல், விலை கூறுதல், பிறர் பொருளினும் எமது சிறந்தது எனப் பேசுதல் ஆகிய மூன்றும் கூடா என்னும் வேலி நின்றது.

அங்கே நான் வியந்தவை இரண்டு. 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியில், இன்றைய நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்கியவை இன்ன எழுத்தும் இன்ன எண்ணும் என்று அறிவிப்பார்கள். வணிகர் பெயர் வரும் இடத்தில் நெடுங்கணக்கை அமர்த்திவிட்டனர்! நம் சனிக்கிழமை வகுப்பை இன்று வழங்குவது ழகரம் என்று அறிவித்தால், அதனை நம் பிள்ளைகள் ஒழுங்காக உச்சரிக்கவும் கூடும்.

மற்றொன்று இன்னும் உயர்ந்தது. பெருநிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக வந்து முடியும் இடத்தில், "உங்களைப் போன்ற பார்வையாளர்கள்" என்று ஒரு வரி வரும். ஐந்து டாலர் அனுப்பிய கிழவியும் எண்ணெய் நிறுவனமும் ஒரே திரையில் நிற்பர். 2025 சூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ், கழகத்துக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கழகமும் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அரசு கைவிட்ட இடத்தில் நிலையங்கள் முதலில் கையேந்தியது, அந்த ஒரு வரிக்கு உரியோரிடமே.

அந்த வரியைப் பற்றி அறிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், மூன்றாண்டுகளுக்கு முன் நம் ஆண்டு மலரின் நன்கொடையாளர் பட்டியலைத் தொகுத்தவன் நான். பக்கம் போதவில்லை. ஐந்நூறு ரூபாய்க்குக் குறைவாகக் கொடுத்தோர் பெயர்களை விட்டுவிடுவது என்று நானே முடிவு செய்தேன். மலர் வெளிவந்த மாலையில், ஓய்வு பெற்ற கலாசி ஒருவர் மலரை வாங்கி, கடைசிப் பக்கங்களை மூன்றுமுறை புரட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அச்சு நன்றாக இருக்கிறது, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுத்தது நூறு ரூபாய். இராமாயணத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னவரும் அவரே.

இனி, சங்கத்தின் காரியத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை வகுப்புக்கு ஓராண்டு வாடகையும் பாடப் புத்தகங்களும் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. வகுப்புக்குத் தன் பெயரைச் சூட்ட வேண்டும், புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தன் சின்னம் இருக்க வேண்டும் என்பவை அதன் விருப்பங்கள். மறுத்துவிடுக என்பார் சிலர்; பணம் எங்கே என்பார் சிலர். இரு சாராரும் பிள்ளைகளின் நலம் நாடியே பேசுகின்றனர்.

பார்சலின்மேல் அனுப்பியவர் பெயர் இருந்தே ஆகவேண்டும். பெயரில்லாத பொருள் எங்கள் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆனால், சேரும் ஊரின் பெயரை மறைத்து அனுப்பியவர் பெயரை ஒட்டினால் பொருள் ஊர் போய்ச் சேராது. ஆகவே நான் முன்மொழிவது இது: பணத்தை நன்றியோடு பெறுவோம். வகுப்பின் பெயர் மாற வேண்டா. நிறுவனத்தின் பெயரும் சின்னமும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை வரட்டும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பத்து ரூபாய் கொடுத்தவர் பெயர் உள்பட எல்லாப் பெயர்களும் வரட்டும். இதற்கு நிறுவனம் இசையாவிட்டால், வாடகைக்கு வீட்டுக்கு வீடு உண்டியலோடு செல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். இரவுப் பணி இல்லாத வாரமாக மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இவ்வாண்டு மலருக்கான பெயர்ப் புத்தகம் வாசலருகே மேசைமேல் வைக்கப்பட்டுள்ளது. முதல் வரியில் அப்பெரியவரின் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் மூன்றாம் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். எழுத்துப் பிழை உண்டா என்று அவரே பார்த்துச் சொல்ல வேண்டும்.