கறுப்புத் திரையும் பத்து நிமிடமும்



கணக்குப் பார்க்கிறவருக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் எங்கள் பிள்ளைகள் பலர் இன்று நெற்வேர்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறார்கள். ஊர் உறங்கும் நேரத்தில்தான் அவர்களுக்கு வேலை. என்ன செய்கிறாய் என்று கேட்டால், "ரவுட்டருக்குக் கட்டளை அடிக்கிறன் அப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

வீட்டில் இருக்கும் ரவுட்டரைப் படமும் பொத்தானும் உள்ள ஒரு பக்கத்தில் திறந்து மாற்றிக்கொள்கிறோம். பெரிய நிறுவனங்களின் ரவுட்டர்களையும் சுவிற்சுகளையும் பெரும்பாலும் எழுத்துக் கட்டளைகளால்தான் அமைக்கிறார்கள். கறுப்புத் திரை, ஒரு குறி, அதற்குப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் வரி, அவ்வளவுதான். இது பழைய முறையென்று ஒதுக்க முடியாது. முழு அமைப்பும் எழுத்திலேயே இருப்பதால் அதைப் பிரதி எடுக்கலாம், நேற்றையதோடு ஒப்பிடலாம், இன்னொரு கருவியில் ஒட்டலாம். நெற்வேர்க் முழுதும் விழுந்துவிட்டாலும், கருவிக்குப் பக்கத்தில் போய் ஒரு கொன்சோல் கேபிளைச் செருகிப் பேசலாம்.

சிஸ்கோ கருவியை எடுத்துக்கொள்வோம். உள்ளே நுழைந்தவுடன் பார்க்க மட்டுமே உரிமை. "எனேபிள்" என்று அடித்தால் அதிகாரம் கூடும். "கொன்ஃபிகர் ரேர்மினல்" என்றால் மாற்றவும் முடியும். ஒவ்வொரு படியிலும் திரையிலுள்ள குறி மாறும். கட்டளை மறந்துபோனால் கேள்விக்குறியை அழுத்துங்கள், அடுத்து என்ன எழுதலாம் என்று அதுவே சொல்லும். கட்டளைக்கு முன்னால் "நோ" போட்டால் அந்தக் கட்டளை நீங்கிவிடும். இதனால் ஒரு வேடிக்கை: ஒரு போர்ட்டை நிறுத்த "ஷட்டவுன்", மறுபடி இயக்க "நோ ஷட்டவுன்". நிறுத்தாதே என்று சொல்லித்தான் இயக்க வேண்டியிருக்கிறது!

ஆபத்து எங்கேயென்றால், பெரும்பாலான கட்டளைகளுக்கு "நிச்சயமாகவா?" என்று அது திருப்பிக் கேட்பதில்லை. என்ரர் அழுத்திய கணமே நடைமுறைக்கு வந்துவிடும். ஒரே கேபிளில் கணக்குப் பகுதி, தொலைபேசி, களஞ்சியம் என்று பல வீலான்கள் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் கட்டளையில் "அட்" என்ற சிறு சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் முழுதும் போய்ப் புதியது ஒன்று மட்டும் நிற்கும். எங்கோ தூரத்திலிருந்து அடித்தவர், தான் உள்ளே வந்த வழியையே அடைத்துக்கொள்ளவும் கூடும். நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பை வெட்டிய கதைதான்.

இதற்கு ஒரு காப்பு உண்டு. கணக்காளருக்கு உடனே விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு வேறு, சேமித்த அமைப்பு வேறு. முதலாவது பென்சிலால் எழுதியதுபோல, மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். இரண்டாவது பேரேட்டில் மையால் பதிந்தது. பென்சிலில் உள்ளதை "கொப்பி" கட்டளை கொடுத்து நீங்களாகத்தான் பேரேட்டில் ஏற்ற வேண்டும். அனுபவமுள்ளவர்கள் தூரத்துக் கருவியில் கைவைக்குமுன் "ரீலோட் இன் 10" என்று அடிப்பார்கள், அதாவது பத்து நிமிடத்தில் நீயே நின்று மறுபடி தொடங்கு என்று. மாற்றம் சரியாக வந்தால் அந்த உத்தரவை இரத்துச் செய்துவிட்டுச் சேமிப்பார்கள். பிழைத்து, தொடர்பு அறுந்துபோனால், கருவி தானாக மறுபடி தொடங்கிப் பழைய அமைப்புக்குத் திரும்பும். மாற்றத்தை முன்கூட்டியே சேமித்துவிட்டால் மட்டும் இந்த வித்தை பலிக்காது.

பெரிய இடங்களிலும் இதே சிக்கல்தான். கனடாவில் 2022 யூலை 8 அன்று ரோஜர்ஸ் சேவை விழுந்ததை அங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். இன்ரராக் நின்றதால் கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. பலருக்கு 911 அவசர இலக்கமும் கிடைக்கவில்லை. ஏழு கட்ட வேலையின் ஆறாவது கட்டத்தில், ரவுட்டர் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதே காரணம். அதுவரை தடுக்கப்பட்டிருந்த வழித்தகவல்கள் மையக் கருவிகளுக்குள் வெள்ளமாகப் புகுந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தன. திருத்துவதற்கு உள்ளே போகும் வழியும் அதே நெற்வேர்க்கில் தங்கியிருந்தது. ஊழியர்களின் கைத்தொலைபேசிகளும் ரோஜர்ஸ்தான்! காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 14 மணித்தியாலம் சென்றது. முந்திய கட்டங்கள் நல்லபடி முடிந்தபடியால் அந்த வேலையின் ஆபத்து "குறைவு" என்று தரப்படுத்தப்பட்டிருந்தது. கணக்காய்வில் இதைக் கண்டால் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன்.

கடை, அலுவலகம் வைத்திருக்கும் நேயர்கள் உங்கள் நெற்வேர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் மூன்று விடயம் கேளுங்கள். இப்போதுள்ள அமைப்பின் பிரதி எங்கே இருக்கிறது? பாஸ்வேட் அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? இன்ரநெற் அறுந்த நேரத்தில் அவர் எந்த வழியால் உள்ளே வருவார்? மூன்றாவதற்கு "இன்ரநெற்றால்தான்" என்று பதில் வந்தால், அவரை இருத்தி ஒரு தேநீர் கொடுத்து ஆறுதலாகக் கதையுங்கள்.