தேனீப் பிசின் புண்ணை ஆற்றுமா?



லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் மரப்பொந்தில் வாழும் கெலுலுட் என்னும் கொசுத்தேனீயைப் பார்த்திருப்பீர்கள். அது கொட்டாது. மரப்பிசினை மெழுகோடு கலந்து கூட்டைப் பூசும், அதுதான் புரோபோலிஸ். கூட்டைக் கிருமி அண்டாமல் காக்கும் பூச்சு.

சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபைலோகோக்கஸ் கிருமியை ஆய்வுக்கூடத்தில் அது கட்டுப்படுத்துகிறது, ஈ.கோலையிடம் அதன் வேகம் குறைவு. பிசின் தந்த மரம் மாறினால் வீரியமும் மாறும்.

ஆனால், ஆய்வுக்கூடத் தட்டில் கிருமி சாவது வேறு. இனிப்புநீர் உள்ளவரின் கால்புண் ஆறுவது வேறு. நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது. வலியில்லையே என்று பிசினைத் தடவி நாளைக் கடத்தினால், காலையே இழக்க நேரிடும். சிலருக்குப் பிசினே தோலில் அரிப்பைக் கொண்டுவரும்.

புண்ணைக் கண்ட அன்றே கிளினிக்கிற்குப் போங்கள். பிசினைப் பற்றியும் டாக்டரிடமே கேளுங்கள்.