ஸ்டியரிங் பெட்டியைக் கடைசியில் தொடுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். சங்கச் செயலாளர் போன் பண்ணி, "நீ ஒரு பத்து நிமிஷம் பேசணும்" என்றபோது, "எனக்குத் தெரிஞ்சது வண்டி ஒண்ணுதான்" என்றேன். "அதையே பேசுப்பா" என்று சொல்லிவிட்டார். ஆகவே வண்டியைப் பற்றியே பேசுகிறேன்.

நம் செட்டில் பெரிய கம்பெனிகளுக்குப் போனவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்களும் உண்டு. நான் ரஞ்சன்குடியில், திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரமாகப் பட்டறை போட்டு உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்தால் கோட்டை தெரியும். 1751-ல் பக்கத்து வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம், ஆங்கிலேயர் ஒரு பக்கம் என்று சண்டை நடந்ததே, அந்தக் காலத்துக் கோட்டை. இப்போது என் பட்டறைக்கு வருகிற சண்டையெல்லாம் டிரைவருக்கும் ஸ்டியரிங்குக்கும்தான்!

எங்கள் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். வயலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவே ஓடுவது பிக்கப் வண்டி. அதில் ஸ்டியரிங் கோளாறு என்று வந்தால் டிரைவர்கள் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். "ஆட்டம் இருக்குண்ணே", "ஒரு பக்கம் இழுக்குது", "கனமா இருக்கு", "வேகத்துல நடுங்குது". நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் பல பட்டறைகளில் நாலுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. ஸ்டியரிங் பெட்டி மேலே உள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவை ஒரு திருகு திருகி, "சரியாப் போச்சு, ஓட்டு" என்று அனுப்பிவிடுவது. ஆட்டம் அப்போதைக்கு மறையும், நோய் அப்படியே இருக்கும். அளவுக்கு மேல் இறுக்கினால் பெட்டி நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. உள்ளே பல்லும் சீக்கிரம் தேயும்.

நானும் ஒரு காலத்தில் அப்படித் திருகியவன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

பட்டறை வைத்த புதிதில் ஒரு பெரியவர் பிக்கப் கொண்டுவந்தார். வெங்காயம் ஏற்றுகிற வண்டி. "தம்பி, பிரேக் புடிச்சா எடது பக்கமா இழுக்குது" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'இழுக்குது' என்ற ஒரு சொல் மட்டும்தான். டை ராட் எண்டு இரண்டையும் மாற்றினேன், பெட்டியை இறுக்கினேன், அலைன்மென்ட் பார்த்தேன். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தேன், நேராகப் போனது. பில்லைக் கொடுத்தேன். வெங்காயம் விற்ற காசை வேட்டி மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

எட்டாம் நாள் மறுபடி வந்தார், முகமெல்லாம் வெளுத்துப்போய். வெங்காயம் பிடுங்க ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். குறுக்கே ஆடு வந்தது என்று பிரேக்கை மிதித்ததும், வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, கிணற்று மேட்டுக்கு நாலு அடி முன்னால் நின்றிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. நாலு அடி!

அன்றைக்குத்தான் டேப் எடுத்து அளந்தேன். வலது பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் சரி. இடது பக்கம் ஒரு அங்குலம் குறைச்சல். முன் பிளேட் செட்டின் யூ போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் உடைந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அச்சு பின்னால் நகர்ந்திருக்கிறது. டை ராட் எண்டில் குற்றமே இல்லை. பெரியவர் ஒன்றுதான் கேட்டார்: "நான் பிரேக் புடிச்சான்னு அன்னைக்கே சொன்னேனே தம்பி?" வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். எங்கள் கோட்டை அடுக்கடுக்காக எழும்புவது. உச்சிக்குப் போகிறவன் கீழ்வாசலில் இருந்துதான் ஏறணும். ஸ்டியரிங்கும் அப்படித்தான்.

முதலில் டிரைவரைக் கேளுங்கள். எப்போது வருகிறது? பிரேக்கிலா, லோடிலா, எந்த வேகத்தில்? காலி வண்டியில் வராத கோளாறு லோடில் வரும். பின்னால் பாரம் அதிகமானால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் லேசாகி வண்டி அலையும். அதற்கு மருந்து ஸ்பேனர் இல்லை, மூட்டையை இறக்குவதுதான்.

அடுத்தது டயர். காற்றை அளந்து பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் அதிகம். ரம்பப் பல் மாதிரி கைக்கு உரசினால் டோ-இன் தப்பு. ஒரு பக்கம் இழுக்கிறதா? முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். நடுங்குகிறது என்றால் ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். எங்கள் கரிசல் மண் அங்கே காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தாலே போதும், பேலன்ஸ் போய்விடும். நான்கு வழிச் சாலை வந்து வேகம் கூடியபிறகு இந்தக் கோளாறு அதிகம் பார்க்கிறேன். தண்ணீர் விட்டுக் கழுவியே பல வண்டிகளை அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது சக்கரமும் அச்சும். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள்), சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். பிறகு யூ போல்ட், சென்டர் போல்ட், இரண்டு பக்கமும் டேப். இந்த டேப் பிடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. எனக்கு அது தெரிய ஒரு கிணற்று மேடு தேவைப்பட்டது.

நான்காவது கம்பிகள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டட்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓடணும், ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கணும். இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்க்கட்டும். எந்த ஜாயின்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையவில்லையோ, அதுதான் தேய்ந்தது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

கனமாக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்புங்கள். லேசானால் டயர் காற்றையும் பாரத்தையும் பாருங்கள். அப்போதும் கனம் என்றால் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். இப்போது லேசானால் கிரீஸ் காணாத கிங் பின். பவர் ஸ்டியரிங்கில் அதற்கும் முன்னால் ஆயில் அளவும் பெல்ட்டும் பார்க்கணும். இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பது பெட்டி. அதைக் கடைசியில் தொடுங்கள்.

சட்டமும் இதைச் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 98-ம் விதிப்படி ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி அது. பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கணும், போல்ட்டும் பின்னும் கழலாமல் பூட்டியிருக்கணும் என்றும் அதே விதியில் இருக்கிறது. கிழிந்த ரப்பர் சின்ன விஷயம் இல்லை. அதன் வழியாக மண் உள்ளே போனால் ஜாயின்ட் தேய்ந்தே தீரும்.

இங்கே வண்டி வைத்திருப்பவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும்போது அதை ஓட்டுகிற டிரைவரையே அனுப்புங்கள். முதலாளி போனில் சொல்வதைவிட அவர் சொல்லில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. இரண்டாவது, சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். ஸ்டியரிங்கில் நான் விட்ட தப்பு அன்றைக்கு அந்தப் பெண்களின் உயிர் வரைக்கும் போனது அதனால்தான்.

அந்தப் பெரியவர் அதற்கப்புறமும் என்னிடமேதான் வண்டியைக் கொண்டுவந்தார். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்திவிட்டு, "மொதல்ல நான் சொல்றதைக் கேளு தம்பி" என்று ஆரம்பிப்பார். கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பக்கம் போனால் பட்டறைக்கு வாருங்கள். டீ சாப்பிட்டுவிட்டுக் கோட்டை ஏறலாம்.